சிறிய கமராவின் நீண்ட ஆயுள்

கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் என் தமக்கையின் மகன் ரொறொன்ரோவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தான். அவனுடைய கழுத்தில் எந்நேரமும் ஒரு சிறிய கமரா தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கிப் பார்த்தேன். 2009 ஆம் ஆண்டு வெளிவந்த ஒலிம்பஸ் ஈ-பி1. இணையத்தில் எவரோ பாவித்து விற்றதை வாங்கினானாம். தன்னுடைய கைத்தொலைபேசி அதனைவிடத் துலக்கமான படம் எடுக்கும் என்பதை அவனே ஒப்புக்கொண்டான்.

"பிறகேன் இதைக் காவிக்கொண்டு திரியிறாய்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை மாமா. இதால எடுக்கேக்கதான் படம் எடுக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

நான் அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த இன்னொரு கமராவை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அதுவும் ஒலிம்பஸ்தான். 1960களில் உருவான பென் ஈஈ வகையைச் சேர்ந்தது. அவன் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தைத் தடவினான். பின்மூடியைத் திறந்தான்.

"மாமா, இதுக்குப் பற்றரி எங்க போடுறது?"

"போடுறதில்லை" என்றேன்.

அந்தக் கேள்வி என்னை முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுபோய் நிறுத்தியது. சிறிய, எளிய கமராக்கள் மீது மக்களுக்கு உள்ள விருப்பம் ஏன் தணிவதில்லை என்பதைப் பற்றி அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. எரிபொருள், சீமெந்து, சவர்க்காரம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. பற்றரியும் அதில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அச்சுத்தாள் கிடைக்காமல் பாடசாலைக் கொப்பிகளுக்கான கோடிட்ட தாளில் பத்திரிகைகள் அச்சாகின. நான் அப்போது பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன்.

எங்கள் பத்திரிகைக்குப் படமெடுத்தவர் ஒருகாலத்தில் சொந்தமாக ஸ்ரூடியோ வைத்திருந்தவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. பற்றரியில் இயங்கிய அவரது பெரிய கமரா பெட்டிக்குள் உறங்கிவிட்டது. கலியாண வீடுகளுக்குக்கூடக் கொண்டுபோகாமல் ஒதுக்கி வைத்திருந்த இந்தப் பென் கமராவை அவர் தூசு தட்டி எடுத்தார்.

அதன் சிறப்பு அந்தக் காலத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. லென்ஸைச் சுற்றித் தேன்கூட்டைப் போன்ற ஒரு வளையம் இருக்கும். அதற்குள் இருப்பது செலனியம். வெளிச்சம் பட்டால் செலனியம் தானே சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரம் உள்ளே ஒரு முள்ளை அசைக்கும். முள் நிற்கும் இடத்தைப் பொறுத்து லென்ஸின் துவாரம் பெருக்கும், அல்லது சிறுக்கும். வெயிலே அதற்குப் பற்றரி. வெளிச்சம் போதாவிட்டால் பார்க்கும் துவாரத்தினுள் சிவப்பு நிறத்தில் ஒரு தகடு எழும்பும். விசையை எவ்வளவு அழுத்தினாலும் படம் விழாது. மாஸ்டர் அதனைச் 'சிவப்பு நாக்கு' என்பார்.

இரண்டாவது சிறப்பு, அது அரைச் சட்டகக் கமரா என்பது. சாதாரண 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு படம் விழும் இடத்தில் இரண்டு படங்கள் விழும். 36 படச் சுருளில் 72 படங்கள். கொழும்பிலிருந்து எப்போதாவது எவர் மூலமாவது ஒரு சுருள் பிலிம் வந்துசேரும் காலத்தில் இதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. கமராவை இயல்பாகப் பிடித்தால் படம் நெடுக்காக விழும். பத்திரிகையின் ஒற்றைப் பத்திக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

இந்தச் சிறிய பெட்டி எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன்.

ஆரம்பத்தில் கமரா என்பது தளபாடமாகவே இருந்தது. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879 இல் இங்கேயே காலமானார். களுத்துறையில் வாழ்ந்தபோது அவர் உள்ளூர் மக்களைப் படமெடுத்தார். மரத்தாலான பெரிய கமரா, கண்ணாடித் தகடு, அதன்மீது இரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன் கழுவவும் வேண்டும். படத்தில் இருப்பவர்கள் அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் படங்களில் உள்ள எம்மவர் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் வாழ்ந்துகொண்டிருப்பதாக அல்ல, நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். அது அந்த அம்மையாரின் குற்றமன்று. கருவியின் பாரம் எதிரே இருந்தவர்கள் மீதும் இறங்கியது.

அந்தப் பாரத்தை முதலில் இறக்கியவர் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன். 1888 இல் அவர் விற்பனைக்கு விட்ட கொடாக் கமராவின் விலை 25 டொலர். உள்ளே 100 படங்களுக்கான பிலிம் சுருள் இருந்தது. எல்லாம் எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி, புதிய சுருளையும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900 ஆம் ஆண்டு வந்த பிரவுனி கமராவின் விலை ஒரே ஒரு டொலர். படமெடுப்பது சிறுவர்களுக்கும் கைவந்தது. ஆனால் இவை வெயிலில் நின்று சிரிப்பவர்களை எடுப்பதற்கான எளிய பெட்டிகள். செய்தியாளரும் கலைஞரும் இன்னும் தளபாடத்தையே சுமந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு விடுதலை ஜேர்மனியின் வெட்ஸ்லர் நகரிலிருந்து வந்தது. லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. மலைகளிலும் காடுகளிலும் நடந்து படமெடுப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். கனமான தகட்டுக் கமராவைச் சுமந்து ஏற அவரது சுவாசப்பை இடம் கொடுக்கவில்லை. சினிமாவுக்குப் பாவிக்கும் 35 மில்லிமீற்றர் பிலிமை ஒரு சிறிய கமராவில் இட்டு, சினிமாச் சட்டகத்தின் இரு மடங்கு அளவில் படமெடுத்தால் என்ன என்று யோசித்தார். 1914 அளவில் முதல் மாதிரியைச் செய்தும் விட்டார். இடையில் முதலாம் உலக யுத்தம் வந்தது. யுத்தத்தின் பின்னர் ஜேர்மனியின் பொருளாதாரம் சரிந்துகிடந்த நிலையிலும் நிறுவனத்தின் தலைவர் இரண்டாம் ஏர்ன்ஸ்ற் லைட்ஸ் துணிந்து உற்பத்திக்கு இணங்கினார். 1925 ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா உலகுக்கு அறிமுகமானது. ஒரு மனிதரின் மூச்சுத்திணறல் புகைப்பட வரலாற்றையே திசைதிருப்பியது என்றால் அது மிகையாகாது.

1932 இல் பிரான்ஸின் மார்செய் நகரில் ஒரு லைக்காவை வாங்கினார் ஹென்றி கார்ற்றியே-பிரெசோன் என்ற இளைஞர். கமராவின் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடினார். தன்னையும் கருவியையும் பிறர் கவனியாதிருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

இதன் பொருள் என்ன என்பதை 1948 ஜனவரி 30 ஆம் திகதி டெல்லியில் நடந்தவை உணர்த்துகின்றன. காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சிறிது நேரம் முன்னர் கார்ற்றியே-பிரெசோன் அவரைச் சந்தித்துத் தனது படங்கள் அடங்கிய நூலைக் காட்டியிருந்தார். அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகைக்காக இந்தியாவில் பணியாற்றிய மார்கரெட் பேர்க்-வைற்றும் அதே நாளில் காந்தியைச் சந்தித்திருந்தார். கொலைச் செய்தி கேட்டு இருவரும் பிர்லா இல்லத்துக்கு விரைந்தனர். பேர்க்-வைற் மின்னல் விளக்கைப் பாவித்தார். துக்கத்தில் மூழ்கியிருந்த அறையில் அந்த வெளிச்சம் பாய்ந்ததும் சூழ இருந்தவர்கள் சினமுற்றனர். அவருடைய பிலிம் பறிக்கப்பட்டது. கார்ற்றியே-பிரெசோன் தனது சிறிய லைக்காவுடன், இருந்த வெளிச்சத்திலேயே, அமைதியாகப் படமெடுத்தார். பேர்க்-வைற் ஆற்றலில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். இராட்டையின் அருகில் காந்தி அமர்ந்திருக்கும் அழியாப் படத்தை 1946 இல் எடுத்தவர் அவரே. அன்று அந்த அறையில் தடையாக நின்றது விளக்கு.

லைக்கா சிறியதாக இருந்தது. ஆனால் மலிவாக இருக்கவில்லை. அந்தக் குறையை ஜப்பானியர் ஒருவர் தீர்த்தார். யொஷிஹிஸா மைதானி 1956 இல் ஒலிம்பஸ் நிறுவனத்தில் சேர்ந்த இளம் பொறியியலாளர். மாணவப் பருவத்திலேயே லைக்காவில் படமெடுத்துப் பழகியவர். சாதாரண மனிதர் வாங்கக்கூடிய கமரா ஒன்றை 6000 யென் விலையில் தரவேண்டும் என்று அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்டார். லென்ஸில் மட்டும் சிக்கனம் செய்ய மறுத்தார். செலவில் பெரும்பகுதியை லென்ஸே விழுங்கியதால் மற்ற எல்லாவற்றையும் குறைக்க வேண்டியதாயிற்று. சட்டகத்தைப் பாதியாக்கியதும் அப்படித்தான். தொழிற்சாலையில் இதனை விளையாட்டுப் பொருளாகக் கருதி உற்பத்திசெய்யத் தயங்கினார்கள். ஆயினும் 1959 இல் கமரா வெளிவந்தது. மக்கள் அள்ளிச் சென்றார்கள். பேனாவைப்போல எங்கும் கொண்டுசெல்லலாம் என்ற பொருளில் அதற்குப் 'பென்' என்று பெயரிட்டிருந்தார்கள். 1961 இல் செலனிய வளையத்துடன் பென் ஈஈ வந்தது. சட்டைப்பையில் பேனாவும் கையில் பென்னுமாகத் திரிந்த எங்கள் மாஸ்டருக்கு இந்தப் பெயர்க்காரணம் தெரிந்திருந்ததா என்று இன்று எண்ணிப் பார்க்கிறேன்.

பென் வெளிவந்த அதே 1959 இல் நிக்கோன் எப் கமராவும் வந்தது. தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் உலகத்தை அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஆண்டது அந்த வகைக் கமராவே. அதன் உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளி அதில் பட்டு மேலே சென்று, ஒரு பட்டகத்தின் ஊடாக எமது கண்ணை வந்தடையும். விசையை அழுத்தும்போது கண்ணாடி சட்டென்று மேலெழும்பி வழிவிட, ஒளி பிலிமைச் சேரும். லென்ஸ் காண்பதை அப்படியே நாமும் காண இது வழிசெய்தது. ஆனால் கண்ணாடி அசைவதற்கு இடம் வேண்டும். நிக்கோனில் லென்ஸின் பொருத்துவாயிலிருந்து பிலிம் வரையுள்ள தூரம் 46.5 மில்லிமீற்றர். கமராவின் வயிறும் தலையும் பருத்தன. ஒவ்வொரு படத்துக்கும் 'கிளக்' என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

பிலிமின் இடத்தில் மின்னணு உணரி வந்தபின்னர் அந்தக் கண்ணாடிக்குத் தேவையில்லாது போயிற்று. உணரி காண்பதை நேரடியாகச் சிறு திரையில் காட்டலாம் அல்லவா? 2008 ஓகஸ்ற்றில் ஒலிம்பஸும் பனசோனிக்கும் இணைந்து இதற்கான புதிய அளவுமுறையை அறிவித்தன. நான் சொன்ன தூரம் 20 மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கியது. அவ்வாண்டே பனசோனிக் ஜி1 வந்தது. 2009 ஆனியில் ஒலிம்பஸ் ஈ-பி1 வந்தது. அதன் எடை 335 கிராம். மிரர்லெஸ், அதாவது கண்ணாடியற்ற கமரா, என்ற சொல் பின்னர் நிலைபெற்றது. உண்மையில் லைக்காவுக்குள்ளும் மாஸ்டரின் பென்னுக்குள்ளும் கண்ணாடி இருக்கவில்லை. செருப்பு வருமுன் எவரும் எவரையும் வெறுங்காலர் என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

மருமகனின் கமராவின் மேற்பகுதியில் '1959 முதல்' என்ற பொருள்படும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவன் அதனை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தான். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தபோதுதான் பாட்டனையும் பேரனையும் கண்டுகொண்டான். மைதானி 2009 ஆடி 30 ஆம் திகதி காலமானார். தமது பென் மீண்டும் பிறந்ததை அறிந்தே அவர் கண்மூடியிருக்க வேண்டும்.

அதன்பின்னர் நடந்தது வேடிக்கையானது. கண்ணாடி போனது, கமரா மீண்டும் பருத்தது. 2013 இல் சோனியும், 2018 இல் நிக்கோனும் கனோனும் முழுச் சட்டக உணரியுடன் மிரர்லெஸ் கமராக்களைக் கொண்டுவந்தன. பெரிய உணரிக்குப் பெரிய லென்ஸ், தெரிவுகளின் பட்டியலோ பஞ்சாங்கம்போல. மறுபுறத்தில் கைத்தொலைபேசி சிறிய கமராக்களின் சந்தையை விழுங்கியது. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர்களின் சங்கம் தரும் கணக்கின்படி 2010 இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023 இல் அந்த எண்ணிக்கை 80 இலட்சத்துக்கும் குறைவு. ஒலிம்பஸ் நிறுவனமே தனது கமராப் பிரிவைக் கைவிட்டது. 2021 ஜனவரியில் அது வேறு நிறுவனமாகப் பிரிந்தது.

எனினும் சிறிய கமரா சாகவில்லை. 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட புஜிபிலிம் எக்ஸ்100-ஆறு என்னும் கமராவுக்கு, லென்ஸை மாற்ற முடியாதிருந்தும், மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே ஆண்டு ஆனியில் பெண்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கமரா வந்தது. அது அரைச் சட்டகக் கமரா! கையால் சுருளை நகர்த்த வேண்டும். தூரத்தைச் சித்திரக் குறிகளைக்கொண்டு தெரிவுசெய்ய வேண்டும். வறுமை காரணமாக மாஸ்டர் பாவித்ததை இன்று வசதியுள்ள இளைஞர்கள் விரும்பித் தேடுகிறார்கள்.

இதனைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. கைத்தொலைபேசியை நான் குறைத்து மதிப்பவனுமல்லன். 2009 இல் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்தவற்றுக்கு உலகம் கண்ட சாட்சியங்களிற் பல கைத்தொலைபேசிகளில் பதிவானவையே. ஆனால் தொலைபேசியை ஒருவர் உயர்த்தும்போது, அவர் செய்தி வாசிக்கிறாரா, பேசுகிறாரா, எம்மைப் படமெடுக்கிறாரா என்று எதிரே இருப்பவருக்குத் தெரிவதில்லை. பெரிய கமராவோ ஓர் அதிகாரியைப் போல வந்து நிற்கும். அதைக் கண்டதும் முகம் மாறிவிடும். சிறிய கமரா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. "உங்களைப் படமெடுக்கிறேன்" என்பதை அது ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் உரத்துச் சொல்வதில்லை. மறுப்பதற்கும் இடம் விடுகிறது, இணங்குவதற்கும் இடம் விடுகிறது. பார்னாக்கும் மைதானியும் கமராவிலிருந்து கழித்தவை எல்லாம் இரண்டு மனிதர்களுக்கு இடையில் நின்றவை. காலத்துக்குக் காலம் அவை திரும்பிவந்து சேர்கின்றன. காலத்துக்குக் காலம் மக்களும் சிறிய கமராவைத் தேடிப் போகிறார்கள்.

எளிமைக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தார்கள். நாவற்குழிப் பாலத்தருகே மழையில் சனநெரிசலில் அகப்பட்டு நின்றபோது மாஸ்டர் கமராவை எடுத்துக் கண்ணில் வைத்தார். பின்னர் இறக்கினார். மீண்டும் வைத்தார்.

"சிவப்பு நாக்கு நிக்குது தம்பி" என்றார்.

அவருடைய வாழ்நாளின் மிகப்பெரிய செய்தி கண்முன்னே நகர்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இல்லையென்று கமரா மறுத்துவிட்டது. இரவு முழுவதும் அவர் அதனைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்தபடி நடந்தார்.

மறுநாட் காலை சாவகச்சேரியில் ஒரு பாடசாலை விறாந்தையில் ஒதுங்கியிருந்தோம். மழை விட்டு வெயில் எறித்தது. மாஸ்டர் ஐந்தாறு படங்கள் எடுத்தார். அருகில் மூன்று பிள்ளைகளுடன் இருந்த தாய் ஒருவர் அவருடைய கையிலிருந்த கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எங்களையும் ஒண்டு எடுங்கோ. இனி எல்லாரும் ஒண்டா இருப்பமோ தெரியாது."

மாஸ்டர் பிலிமில் மிச்சம் எத்தனை என்று பார்க்கவில்லை. அந்தப் பெண் தலையைக் கையால் ஒதுக்கிவிட்டு, கடைசிப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டினார். மாஸ்டர் ஒன்று எடுத்தார்; சற்று நின்று இன்னொன்றும் எடுத்தார். செய்திப்படம் அல்ல என்பதால் அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபின் மாஸ்டர் அதனைக் கழுவிப் பிரதியெடுத்து, விசாரித்து விசாரித்து அந்தக் குடும்பத்திடம் சேர்த்துவிட்டார். ஏனைய சுருள்கள் இடப்பெயர்வுகளில் தொலைந்துபோயின. அந்த நாட்களில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியது அந்த ஒரு படம் மட்டுமே என்று பின்னர் சொன்னார். பெரிய கமராவுடன் மின்னல் விளக்கும் பொருத்தி அவர் நின்றிருந்தால் அந்தத் தாய் கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

மாஸ்டர் இப்போது இல்லை. கண்பார்வை மங்கிய காலத்தில் கமராவை என்னிடம் தந்தார்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்தபின்னர் மருமகன் கமராவைக் கண்ணில் வைத்து அறைக்குள் விசையை அழுத்தினான். சிவப்பு நாக்கு எழும்பியதைப் பார்த்துச் சிரித்தான். முற்றத்து வெயிலில் இறங்கி மீண்டும் அழுத்தினான். மெல்லிய சத்தத்துடன் விசை இயங்கியது. அறுபது ஆண்டுகள் ஆகியும் செலனியம் உயிரோடுதான் இருக்கிறது.

"மாமா, இதை எனக்குத் தருவீங்களோ?" என்று கேட்டான்.

தரமாட்டேன் என்றேன். அடுத்தமுறை வரும்போது பிலிம் சுருள் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். 72 படங்கள்; ஆளுக்குப் பாதி.